அறுநூற்றுப் பன்னிரண்டாம் நம்பரின் ரத்தக் கொதிப்பு

எங்கள் கம்பெனி டாக்டர் துரை மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. பெரிய வெள்ளைக்காரர். வேலைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குனிந்த தலை நிமிர்ந்ததில்லை. அவர் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். அதன்மேல் நாம் கையை நீட்ட வேண்டும், பக்கத்தில் நம் பித்தளை வில்லையை வைக்க வேண்டும். வில்லையில் நம்பர் இருக்கும். அவர் நம்பரைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், எழுதுவார். ஒரு முறை எங்கள் தொழிலாளர் லைனில் வளர்ந்த ஆடு ஒன்று உள்ளே நுழைந்து முன்னங்காலைத் துணிமேல் வைத்துவிட்டது. நாடி பிடித்துப் பார்த்து, இளஞ்சிவப்பு மருந்து ஒரு குப்பி கொடுத்து அனுப்பினார். ஆடு குடித்துவிட்டுத் தெம்பாகத்தான் போனது. எங்களுக்கும் எல்லா நோவுக்கும் அதே மருந்துதான்.

கம்பெனியின் பெயர் ஹார்க்னஸ். காலாங் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை. ஊரெல்லாம் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குக் கம்பெனிதான் ஊர். வீடு கம்பெனி வீடு, மருந்து கம்பெனி மருந்து, சட்டை கம்பெனிக் காக்கி. எல்லாம் இனாம். ஆனால் எதுவும் ஆளுக்குக் கிடையாது, நம்பருக்குத்தான். காலையில் வாசல் பலகையில் தொங்கும் வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் அந்த நம்பர் வேலைக்கு வந்துவிட்டது. அதை எடுத்தது யார் என்று ஆபீசில் யாரும் கேட்டதில்லை. முகம் தெரிந்தவர்கள் எங்களை வேலை வாங்குகிற மண்டோர்கள் மட்டும்தான். அவர்களை ஆபீசுக்குள் விடமாட்டார்கள்.

லாசரஸ் அண்ணனின் நம்பர் அறுநூற்றுப் பன்னிரண்டு. கிரேன் ஓட்டுகிறவர். குடும்ப லைனில் இரண்டு அறை வீடு, சொந்தக் குழாயோடு. மனைவி அல்போன்சம்மாள், நாலு பிள்ளைகள். அந்த வீடு போனால், ஊர் நடுவே தேக்காவில் ஏதாவது கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புக்குள் ஆறு பேரும் கால் மடக்கிப் படுக்க வேண்டும். அல்போன்சம்மாள் கல்யாணமான புதிதில் அப்படி ஒரு தடுப்பில் இருந்தவள். அங்கே பக்கத்துத் தடுப்புக்காரன் கனவு கண்டால் தனக்குப் பயம் வரும் என்பாள்.

வேறொரு பட்டறையில் கிரேன் ஓட்டி ஒருவன் மயங்கி விழுந்தான் என்று கேள்விப்பட்டு எங்கள் கம்பெனி ஒரு புது உத்தரவு போட்டது. கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ரத்தக் கொதிப்புப் பார்க்க வேண்டும். மூன்று தடவை பார்ப்பார்கள். மூன்றிலும் ஏறியிருந்தால் ஆள் லாயக்கில்லை. பலகையிலிருந்து வில்லை இறங்கிவிடும். வில்லை இறங்கினால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் தடவை லாசரஸ் அண்ணன் கையை நீட்டினார். டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. ஏறி, குழாயின் உச்சியை முட்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே சுவரில் தொங்கிய காலண்டரில் தெறித்தது. அந்த வருஷத்துத் தீபாவளித் தேதி கடைசிவரை பளபளவென்று இருந்தது, யாரும் பார்த்திருக்கலாம். டாக்டர் நிமிராமல், "அடுத்த மாதம்" என்றார்.

அடுத்த மாதமும் அதே கதை. அந்த முறை டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸர் ஆம்ப்ரோஸ் குழாயின் தலையில் துண்டு போட்டு மூடியிருந்தார். துண்டு நனைந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தால் லாசரஸ் அண்ணனுக்கு நாடி கோயில் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த வெள்ளைத் துணியைக் கண்டால்தான் கொதிக்கும். பூண்டு தின்றார். முருங்கைக் கீரை தின்றார். லூர்து மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். போகிற வழியில் வீரமாகாளியம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டார், யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ.

"அந்த ஆளப் பாக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டு மாதாவ நெனைங்க" என்றாள் அல்போன்சம்மாள்.

"மூடிப் பாத்துட்டேன். கண்ண மூடினா நம்ம சாமான் சட்டியெல்லாம் ரோட்டுல கெடக்குறது தெரியுது."

"சட்டி கெடந்தா எடுத்துக்கலாம். நீங்க விழுந்து தொலைச்சிடாதீங்க."

மூன்றாம் தடவைக்கு முந்தின நாள் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். லாசரஸ் அண்ணன் கோப்பியைத் தட்டில் ஊற்றினார். பாதி மேசைக்குப் போயிற்று. எதிரே வடிவேலு உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் போல ஒண்டிக்கட்டை லைனில் இருந்தவன். கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டுகிற வேலை. அவனுக்குப் பயம் என்பது பிறக்கும்போதே மறந்துபோன பொருள். ஒரு நாள் கொதிகலனுக்குள் படுத்துத் தூங்கிவிட்டான். அது தெரியாமல் வெளியே நாலு பேர் சம்மட்டியால் ஆணி அடித்தார்கள். உள்ளேயிருந்து, "தொறந்துதான் இருக்கு, வாங்க" என்று சத்தம் வந்தது.

அவன்தான் சொன்னான். "அண்ணே, தொரை கையத்தான பாக்குறாரு? எங்கையில என்ன கொறைச்சல்? வில்லையக் குடுங்க, நான் நீட்டிட்டு வர்றேன்."

"ஆம்ப்ரோஸ் நம்ம கோயில்காரர்டா. என்னைத் தெரியும்."

"அவருக்கும் கம்பெனி வீடுதான லா? வாயத் தொறக்க மாட்டாரு."

மறுநாள் வடிவேலு அறுநூற்றுப் பன்னிரண்டாம் வில்லையோடு உள்ளே போனான். ஆம்ப்ரோஸ் வாய் திறந்தார். பிறகு தன் வீட்டையும் அதில் இருக்கும் பிள்ளைகளையும் நினைத்திருப்பார். மூடிக்கொண்டார். பாதரசம் சமர்த்தாக நடுவில் நின்றது. டாக்டர், "நல்ல கை" என்றார். அவன் அத்தோடு கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூன்றாம் பரிசோதனையில் நெஞ்சையும் பார்க்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டாக்டர் குழலை வடிவேலுவின் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அப்புறம் எக்ஸ்ரே படம் பிடிக்க அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து ஆம்ப்ரோஸ் வேலை முடிந்த கையோடு லாசரஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நானும் வடிவேலுவும் அங்கே இருந்தோம்.

"லாசரஸ், ஒனக்கு ரத்தக் கொதிப்பு இல்ல" என்றார் ஆம்ப்ரோஸ்.

"மாதாவே!"

"சந்தோசப்படாத. ஒனக்குக் காச நோய்."

வடிவேலு இருமினான். அந்த இருமலை நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறோம். துருத்தூள் என்று சொல்வான். அன்றைக்குத்தான் அது எங்கள் காதில் விழுந்தது. அல்போன்சம்மாள் அவன் குடித்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றார் லாசரஸ் அண்ணன்.

"சொல்லு" என்றார் ஆம்ப்ரோஸ். "ஏமாத்துனதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை போகும். ஒனக்கு வீடு போகும். இவனுக்கு ஆஸ்பத்திரி போகும். அறுநூத்துப் பன்னெண்டுக்குத்தான் கம்பெனி படுக்கை வாங்கியிருக்கு. நோயாளி படுத்திருக்கிற வரைக்கும் அவன் குடும்பத்த வீட்டுல வச்சுக்குவாங்க, அது சட்டம்."

"செத்துட்டா?" என்று கேட்டாள் அல்போன்சம்மாள்.

"செத்துட்டா சாவியக் குடுத்துடணும்."

எல்லாரும் வடிவேலுவைப் பார்த்தோம். அவன் வெந்நீரைக் குடித்து முடித்தான். "நான் பாட்டுக்குப் போய்ப் படுக்குறேன் அண்ணே. படுக்குறதுதான, நமக்கு வராத வேலையா?" என்றான்.

இப்படியாக வடிவேலு லாசரஸாகி ஆஸ்பத்திரியில் படுத்தான். லாசரஸ் அண்ணன் வடிவேலுவின் முந்நூற்று நாற்பதாம் வில்லையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். மண்டோர் அழகப்பன் அந்த வில்லையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எனக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும். எந்தத் தலைன்னு தொரை கேக்கட்டும்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு லாசரஸ் அண்ணன் பட்ட பயத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. சாதாரண மனிதனுக்குத் தன் உடம்பில் இருக்கிற உயிரைப் பற்றித்தான் கவலை. இவருக்கு உயிர் ஊரின் இன்னொரு கோடியில், அடுத்தவன் நெஞ்சில் இருந்தது. வடிவேலு ஒரு வேளை சோறு வேண்டாமென்றால் இவருக்குப் பட்டறையில் வேலை ஓடாது. முட்டை, ஆட்டுக்கால் சூப்பு, மீன் எண்ணெய் என்று சுமந்துகொண்டு போவார். அல்போன்சம்மாளும் ஞாயிறுதோறும் போவாள். லாசரஸின் மனைவி லாசரஸைப் பார்க்க வராவிட்டால் நர்ஸ் என்ன நினைப்பாள்? கட்டிலருகே உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா" என்று மரியாதையாகக் கேட்பாள். வடிவேலு கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆச்சு அண்ணி" என்பான். அவள் போர்வைக்கு அடியில் கிள்ளுவாள். "ஆச்சு, அல்போன்சா" என்று திருத்திக்கொள்வான்.

நோயாளிகளைப் பார்க்க ஒரு பாதிரியார் வருவார். லாசரஸ் என்று கட்டிலில் பெயர் இருந்தால் அவர் விடுவாரா? பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்துவிட்டார். வடிவேலு தலையணைக்கு அடியில் திருநீற்றை வைத்துக்கொண்டு, மறுக்கத் தெரியாமல் சொல்ல ஆரம்பித்தான். சும்மா சொல்லக் கூடாது, லாசரஸ் அண்ணன் ஆயுசுக்கும் செய்யாத பாவங்களையெல்லாம் லாசரஸ் பெயரில் இறக்கிவைத்தான். பாதிரியார் எழுந்து போகும்போது கைத்தாங்கல் வேண்டியிருந்தது.

சிரித்தோம். ஆனால் சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றது. அன்றைக்கு நானும் லாசரஸ் அண்ணனும் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கம்பிகள் தெரிந்தன. தலைமாட்டில் பெயர் அட்டை இல்லை.

லாசரஸ் அண்ணன் சூப்புத் தூக்கைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சுருட்டிய மெத்தையைத் தொட்டார். "போயிட்டேன்டா" என்றார் என்னிடம். "போயிட்டானா" என்றுதான் சொல்ல நினைத்தார் என்று முதலில் எண்ணினேன். இல்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அல்போன்சாவுக்கு எப்படிச் சொல்றது? நான் போயிட்டேன்னு நானே எப்படிப் போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவர் உண்மையிலேயே செத்துப்போன மனிதரைப் போலத்தான் இருந்தார்.

நர்ஸ் வந்து, அறுநூற்றுப் பன்னிரண்டை வெயில் படட்டும் என்று வராந்தாவுக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னாள். ஓடினோம். வடிவேலு வெயிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லாசரஸ் அண்ணன் அவன் மூக்கருகே கையை வைத்துக்கொண்டு, நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை எடுக்கவில்லை.

இதற்கிடையில் பட்டறையில் அறுநூற்றுப் பன்னிரண்டின் கிரேனை ஓட்ட ஆள் இல்லை. ஒரு கப்பல் சாய்ந்த மேனிக்கு நின்றது. மண்டோர் அழகப்பனுக்கு வேறு வழி? கிரேன் தெரிந்த ஆள் கீழே துரு சுரண்டிக்கொண்டு இருக்கிறார். "வடிவேலு, மேல ஏறுயா" என்றார். லாசரஸ் அண்ணன் தன் சொந்தக் கிரேனில் வடிவேலுவாக ஏறினார். ஆபீசில் முந்நூற்று நாற்பது இனிமேல் கிரேன் ஓட்டி என்று பதிந்தார்கள். பதிந்ததும் உத்தரவு தானாக வேலை செய்தது. புதிய கிரேன் ஓட்டிக்கு ரத்தக் கொதிப்புப் பார்க்க வேண்டும்.

இந்த முறை அனுப்ப ஆள் இல்லை. நான் போகிறேன் என்றேன். "வேணாம்டா. ஒன் நெஞ்சுல என்ன இருக்கோ" என்றார்.

நான் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றேன். திறந்திருந்தது, எல்லாம் தெரிந்தது. லாசரஸ் அண்ணன் முந்நூற்று நாற்பதை மேசையில் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். ஆம்ப்ரோஸ் துண்டை எடுத்து வந்து தயாராக நின்றார். டாக்டர் பட்டையைச் சுற்றப் போனார். கை நின்றுவிட்டது.

முழங்கைக்குக் கீழே, பழுக்கக் காய்ந்த ஆணி ஒன்று பட்டு வெந்த வடு. டாக்டர் அதன்மேல் விரலை வைத்தார். முகம் பார்க்காதவர்தான். ஆனால் இத்தனை வருஷமாகக் கையை மட்டுமே பார்த்தவர். அவருக்கு எங்கள் ஒவ்வொருவரின் கையும் உறவுக்காரர் மாதிரி தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"இந்தக் கை அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றார் பசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், மெதுவாக. "இந்தக் கை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்."

ஆம்ப்ரோஸ் துண்டை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தார், அதில் ஈரமே இல்லை. லாசரஸ் அண்ணனின் கை துணிமேல் கிடந்து துடித்தது, தனியாக வெட்டிப் போட்டது மாதிரி.

அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்தார். லாசரஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பயந்துவிட்டார். அங்கே ஒரு முகம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவர் மனதில் என்ன ஓடியது என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒருவன் கையைப் பார்த்து இன்னொருவன் நெஞ்சை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர்தான். அதைச் சொன்னால் அவருடைய வில்லையும் இறங்கும். மலைமேல் அவருக்கும் கம்பெனி பங்களா. ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறும் நாள் வேறு நெருங்கியிருந்தது.

பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். பாதரசம் பாதி ஏறும்போதே பிடியை விட்டுவிட்டு ஏதோ ஒரு எண்ணை எழுதினார். லாயக்கு. பிறகு ஆம்ப்ரோஸிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். ஆம்ப்ரோஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"லாசரஸ்... வடிவேலு. தொரை சொல்றாரு, இந்தக் கைய வடிவேலுன்னு எழுதியாச்சாம். இனிமே மாத்தக் கூடாதாம். ஆஸ்பத்திரில இருக்கிறவன் திரும்பி வந்தாலும் மாத்தக் கூடாதாம். நீ இருக்கிற வரைக்கும் இதுதானாம்."

வெளியே வந்த லாசரஸ் அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "வீடு இருக்குடா" என்றார். அது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

வடிவேலு தேறினான். ஆட்டுக்கால் சூப்பும் ஊசியும் சேர்ந்து அவனை ஒரு சுற்றுப் பெருக்க வைத்தன. டாக்டர் கப்பலேறிப் போனார். அவர் போன கையோடு கம்பெனி, தொழிலாளர் நலம் பார்க்க, வெல்ஃபேர் அதிகாரி என்று புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தது. நல்ல மனிதர். அவரைக் கண்டுதான் லைனே நடுங்கியது. ஏனென்றால் அவர் முகத்தைப் பார்ப்பார். கை குலுக்குவார். பெயர் கேட்டால் மறக்கமாட்டார். போதாததற்குச் சென்னையில் இருந்தபோது தமிழ் வேறு படித்திருந்தார். அவர் ஏற்படுத்திய முதல் சலுகை, குணமாகி வரும் தொழிலாளியைக் கம்பெனி வண்டியிலேயே வீட்டு வாசல்வரை கொண்டுபோய், குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது.

வண்டி சாயங்காலம் வந்தது. பிள்ளைகள் நாலு பேரையும் ஆம்ப்ரோஸ் வீட்டில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தோம், யாராவது ஒன்று அப்பா என்று ஓடி வந்துவிடும். லாசரஸ் அண்ணன் தன் வாசலில், விருந்தாளி மாதிரி, ஓரமாக நின்றார்.

அதிகாரி முதலில் இறங்கினார். வடிவேலுவின் கையைப் பிடித்து இறக்கினார். "அம்மையீர், தங்கள் கணவரை நலமுடன் அழைத்து வந்திருக்கிறேன்" என்றார்.

அல்போன்சம்மாள் வடிவேலுவைப் பார்த்தாள். ஆணி அடிக்கும் கொதிகலனுக்குள் தூங்கியவன் அன்றைக்கு நடுங்கிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாங்க" என்றாள் அவனிடம். "வெந்நி போட்டு வச்சிருக்கேன்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனான். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு திரும்பினார். "தாங்கள் யார்?"

லாசரஸ் அண்ணன் ஓரடி முன்னே வந்தார். "வடிவேலு, தொரை. கிரேன்."

"தனி ஆள் குடியிருப்பா?"

"ஆமாங்க."

"நண்பரைக் காண வந்தீர்கள். நன்று. ஆயினும் விளக்கு வைத்த பின் தனி ஆட்கள் குடும்பக் குடியிருப்பில் இருத்தல் விதிக்கு மாறானது அல்லவா?" என்றார், சிரித்த முகமாகவே. வண்டியில் ஏறவில்லை. நின்றார்.

ஆற்றுப் பக்கம் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. லாசரஸ் அண்ணன் வீட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அல்போன்சம்மாள் நிலைக்கதவை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"அண்ணே" என்றாள் தன் புருஷனைப் பார்த்து. குரல் துளிகூட ஆடவில்லை. "இருட்டப் போவுது. நீங்க ஒங்க லைனுக்குப் போங்கண்ணே. அவரு தூங்கணும்."

அவர் போனார். நான் கூடவே போனேன். குடும்ப லைன் வேலியைத் தாண்டும்வரை அதிகாரியின் பார்வை முதுகில் இருந்தது, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. எங்கள் லைனில் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக அடுக்கடுக்காகப் படுக்கைப் பலகைகள். ஆட்கள் துணி மாற்றிக்கொண்டும் சோறு வடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருவர் நகர்ந்து வழிவிட்டார். லாசரஸ் அண்ணன் நடுவழியில் நின்று இருபுறமும் பார்த்தார்.

"வடிவேலு பலகை எதுடா?" என்று என் காதோடு கேட்டார். "அந்த ஆளு இங்கயும் வந்து பாத்தா?"

நான் காட்டினேன்.

"மேலேயா, கீழேயா?"

"கீழ" என்றேன்.